ஸ்டேபிளுக்கும் சிம்பிளுக்கும் நடுவில் எத்தனை படி?

உசிலை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்துபோகிற ஆராய்ச்சி மாணவி நான். பதிவு செய்தது இயற்கணிதத்தில், ஆனால் ஆறு மாதமாக மனசு முழுக்க மாடல் தியரிதான், அதாவது தர்க்க வாக்கியங்களின் தொகுப்பையும் (தியரி) அதை நிறைவேற்றுகிற கணித அமைப்புகளையும் (மாடல்) பற்றிய கணிதம். எங்கள் துறையில் இதைச் சொல்லித்தர ஆள் கிடையாது, அதனால் சனி ஞாயிறு நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தனியாகவே படிக்கிறேன்.

இதுவரை புரிந்ததைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். டைப் என்பது ஒரு உறுப்பைப் பற்றி ஒரு கணத்தை வைத்துச் சொல்லக்கூடியது எல்லாவற்றின் முழு விவரம்; ஒரு முடிவிலிக் கணத்தின் மேல் எத்தனை டைப் இருக்கின்றன என்று எண்ணுகிறோம். கணத்தின் அளவைத் தாண்டாமல் டைப்புகள் நிற்கிற மாதிரி ஒரு அளவாவது இருந்தால் அந்தத் தியரி ஸ்டேபிள். ஒரு ஃபார்முலா முடிவில்லாத வரிசை ஒன்றை உள்ளே ஒளித்துவைத்திருந்தால் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்காது. சிம்பிள் என்பது அதைவிடப் பெரிய வட்டம். அங்கேயும் ஃபோர்க்கிங், அதாவது ஒரு டைப்பைப் பெரிய கணத்துக்கு நீட்டும்போது புதிய சார்பு நுழைவது, ஒழுங்காக நடந்துகொள்கிறது: அ என்பது ஆ-வைச் சாராமல் இருந்தால் ஆ-வும் அ-வைச் சாராது. ஸ்டேபிள் எல்லாம் சிம்பிள், ரேண்டம் கிராஃப் சிம்பிள் ஆனால் ஸ்டேபிள் இல்லை. இது வரைக்கும் சரி.

என் கேள்வி இரண்டு. ஸ்டேபிளை விட்டு சிம்பிளுக்குப் போகும்போது கையைவிட்டுப் போவது சரியாக என்ன? அப்புறம், இரண்டுக்கும் நடுவில் ஒரே தாவலா, இல்லை இடையில் படிகள் இருக்கின்றனவா? படித்த இடத்திலெல்லாம் முதல் கேள்விக்கு ஒரு வரிதான் பதில் வருகிறது, இரண்டாவதற்கு அதுவும் இல்லை.


தல்லாகுளம் வாத்தியார்:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்ம்மா. இதற்கு ரேண்டம் கிராஃபையே விரலால் தொட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது, நான் படித்த காலத்தில் வரையறையை நாலு தடவை எழுதிப் பார்த்தும் நிற்காதது இதைக் கணக்குப் போட்ட அன்றைக்கு நின்றது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு யாரைத் தெரியும் என்பது மட்டும்தான் உறவு, இவருக்கு அவரைத் தெரிந்தால் அவருக்கும் இவரைத் தெரியும். கூட்டம் எவ்வளவு பெரிது என்றால், நீங்கள் பத்துப் பேரை ஒரு பக்கமும் வேறு இருபது பேரை இன்னொரு பக்கமும் நிறுத்தினாலும், அந்தப் பத்துப் பேரையும் தெரிந்த, இருபதில் ஒருவரையும் தெரியாத ஒரு ஆள் கட்டாயம் எங்காவது நிற்பார். எந்த இரண்டு முடிவுள்ள குழுவுக்கும் இது நடக்க வேண்டும். எண்ணத்தக்க அளவில் இப்படி ஒரு கிராஃப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1963-இல் எர்டோஷும் ரென்யியும் காசு சுண்டிப் போட்டுக் கோடு வரைந்தாலே இதுதான் வந்து நிற்கும் என்று காட்டினார்கள், 1964-இல் ரிச்சர்ட் ராடோ காசே இல்லாமல் எண்களை வைத்துக் கட்டினார்.

ராடோவின் கட்டுமானத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் 0, 1, 2, 3 என்று போகின்றன. இரண்டு எண்ணில் பெரியதை இரும எண்ணாக எழுது, சின்ன எண் சொல்கிற இடத்தில் 1 இருந்தால் கோடு, 0 இருந்தால் கோடு இல்லை. 13 என்பது 1101, வலமிருந்து 0, 2, 3 ஆம் இடங்களில் 1 இருக்கிறது, ஆகவே 13-க்கு 0, 2, 3 தெரிந்தவர்கள், 1 தெரியாதவர். இப்போது 0 தெரிய வேண்டும், 1-உம் 7-உம் தெரியக்கூடாது என்றால்? 2-இன் 0 ஆம் அடுக்கு 1, அது நம் பட்டியலிலேயே இருக்கிறது, அதனால் தொலைவில் ஒரு அடுக்கைக் கூட்டிக்கொள்கிறோம்: 1 கூட்டல் 1024, அதாவது 1025. அதன் 0 ஆம் இடத்திலும் 10 ஆம் இடத்திலும் மட்டும் 1. வேலை முடிந்தது. எந்தக் குழுவுக்கும் இதே கைவேலைதான்.

இனி டைப்புக்கு வருவோம். எண்ணத்தக்க ஒரு கூட்டத்தை எடுத்தால், புதிதாக வருகிற ஒருவர் அதில் யார் யாரைத் தெரிந்தவர் என்று எந்த உட்கணத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். உட்கணத்துக்கு ஒரு டைப். எந்த அளவுள்ள கணத்தை எடுத்தாலும் டைப்புகள் 2-இன் அந்த அளவு அடுக்குக்குப் போய்விடுகின்றன. ஸ்டேபிள் அங்கேயே போயிற்று. ஆனால் ஃபோர்க்கிங்கைப் பாருங்கள், கலவரமே இல்லை. "அவருக்கு இவரைத் தெரியும்" என்று சொல்வது ஃபோர்க் ஆகாது, ஏனென்றால் இவருக்குப் பதில் இவரைப் போன்ற முடிவில்லாத பேரை நிறுத்தினாலும் எல்லோரையும் ஒன்றாகத் தெரிந்த ஒருவர் இருப்பார். ஃபோர்க் ஆவது "அவர்தான் இவர்" என்று சொன்னால் மட்டும்.

நீங்கள் கேட்ட இழப்பு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மாடலை எடுத்து அதில் ஒருவரையும் தெரியாதவர் என்கிற டைப்பை வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு வெளியே கண்ணன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். நம் ஆளுக்குக் கண்ணனைத் தெரியுமா? தெரியும் என்றும் நீட்டலாம், தெரியாது என்றும் நீட்டலாம், இரண்டும் ஃபோர்க் ஆகாத நீட்சிகள். ஸ்டேபிள் தியரியில் இது நடக்கவே நடக்காது. அங்கே மாடலின் மேல் உள்ள டைப்புக்கு எந்தப் பெரிய கணத்துக்கும் ஃபோர்க் ஆகாத நீட்சி ஒன்றே ஒன்றுதான். போனது இந்த ஒருமை. அதற்குப் பதில் நிற்பது சார்பின்மைத் தேற்றம்: கண்ணனுக்கு ஒரு நீட்சி, மாரிக்கு ஒரு நீட்சி, கண்ணனும் மாரியும் மாடலின் மேல் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்றால், இரண்டு நீட்சியையும் சேர்த்து நிறைவேற்றுகிற ஒருவர், அதுவும் இருவரையும் சேர்த்துச் சாராதவராக, இருக்கிறார். வழி ஒன்றுதான் என்ற உறுதி போய், தனித்தனி வழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது என்ற உறுதி வந்தது.

தர்க்கவியலாளர் ஷெலா 1980-லேயே சிம்பிளை வரையறுத்துவிட்டார். ஆனால் ஃபோர்க்கிங் அங்கே இருபக்கமும் ஒத்துப்போகிறது என்பதை பியுங்ஹான் கிம் 1996-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் நிறுவும் வரை அந்த வகுப்பை யாரும் பெரிதாகக் கையாளவில்லை. அதற்கடுத்த ஆண்டு கிம்மும் ஆனந்த் பிள்ளையும் சேர்ந்து, நல்ல சார்பின்மை உறவு ஒன்று சார்பின்மைத் தேற்றத்தோடு கிடைத்தால் அந்தத் தியரி சிம்பிள்தான், அந்த உறவு ஃபோர்க்கிங்தான் என்று முடித்தார்கள். நடுவில் ஹ்ருஷோவ்ஸ்கி போலிமுடிவுக் களங்களில், அதாவது முடிவுள்ள களங்களின் முதல்வரிசைக் குணமெல்லாம் கொண்ட முடிவிலிக் களங்களில், இதே தேற்றத்தைக் கண்டெடுத்தார். இது ரேண்டம் கிராஃபுக்காக மட்டும் கட்டிய கூடாரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.


கூடல்நகர்:

வாத்தியார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது தெரிந்தால் எந்தப் பக்கம் தேட வேண்டாம் என்று தெரியும். ஸ்டேபிள் கெடுவதற்கு வழி இரண்டுதான் என்பது ஷெலாவின் தேற்றம். ஒன்று, ஒரு ஃபார்முலா எந்த உட்கணத்தையும் வெட்டி எடுக்கிறது, ரேண்டம் கிராஃப் மாதிரி. மற்றது, ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் அடைபடுகிற கணங்கள். நம் ஊரின் வீதிகளை நினைத்தால் போதும். ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. இந்த வீதிகள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்து, "இந்த வீதிக்கு உள்ளே" என்று சொல்ல ஒரே ஃபார்முலா போதும் என்றால் அது இரண்டாவது வகைக் கேடு. விகிதமுறு எண்களின் வரிசை இப்படித்தான்.

சிம்பிள் தியரியில் இரண்டாவது கேடு கிடையாது. ஆகவே ஸ்டேபிள் இல்லாத சிம்பிள் எல்லாமே முதல் வகைதான், அந்த முதல் கேடும் இல்லாத சிம்பிள் தியரி ஸ்டேபிள் ஆகிவிடும். நடுவில் இருக்கிற நிலம் முழுக்க ரேண்டம் கிராஃபின் சாயல் உள்ள நிலம்.


உசிலை மாணவி:

சார், 1025 கணக்கை இன்று பஸ்ஸிலேயே வேறு நாலைந்து குழுவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருமை போய் முட்டாமை வந்தது என்பது இப்போது தெளிவு. கூடல்நகர் அண்ணனுக்கும் நன்றி, வீதிகள் மறக்காது.

ஒரு சந்தேகம். மூன்று பேர் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருக்கவே கூடாது என்று விதி வைத்து, மற்றபடி முடிந்த அளவு தாராளமாகக் கட்டிய கிராஃப் இருக்கிறதே, முக்கோணம் இல்லாத கிராஃப். அதிலும் ஒரு கோடு தனியாக ஃபோர்க் ஆவதில்லை என்று கணக்குப் போட்டேன். அப்படியானால் அதுவும் நடுவில் ஒரு படியா?


மேலமாசி:

இல்லை தங்கச்சி, அது சிம்பிளே இல்லை. ஆனால் நீ கைவைத்த இடம் ரொம்பச் சரியான இடம், உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சிம்பிள் என்றே வைத்துக்கொள்வோம். மாடலில் யாரையும் தெரியாத கண்ணன், மாரி, புது ஆள், மூன்று பேர். கண்ணனுக்கும் மாரிக்கும் கோடு. நீ போட்ட கணக்குப்படி ஒற்றைக் கோடு ஃபோர்க் ஆகாது, ஆகவே கண்ணனும் மாரியும் ஒருவரையொருவர் சாராதவர்கள். புது ஆளுக்குக் கண்ணனோடு கோடு, இது ஒரு நீட்சி, சரி. மாரியோடு கோடு, இது இன்னொரு நீட்சி, அதுவும் சரி. சார்பின்மைத் தேற்றம் இருந்தால் இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டினால் முக்கோணம். முட்டிக்கொண்டது, ஆகவே சிம்பிள் இல்லை.

இப்போது விதியை ஒரு பரிமாணம் ஏற்று. இருவருக்கு நடுவே கோடு என்பதற்குப் பதில் மூவரைச் சேர்த்து ஒரு தட்டு. நான்கு புள்ளிகளின் நான்கு தட்டும் சேர்ந்து வரக்கூடாது என்பது மட்டும் விதி, நான்முகி இல்லாத ஹைப்பர்கிராஃப். கண்ணன், மாரி, புது ஆள் என்று பழையபடி ஒட்டிப் பார். கண்ணன், மாரி, மாடலில் ஒருவர் என்ற தட்டு முன்பே முடிவானது. புது ஆள், கண்ணன், மாடலில் ஒருவர் என்பது முதல் நீட்சியில் முடிவானது. மாரி வருவது இரண்டாவது நீட்சியில். எவருமே பேசாத தட்டு ஒன்று மிச்சம் இருக்கிறது: கண்ணன், மாரி, புது ஆள் மூவரும் சேர்ந்த தட்டு. அது இல்லை என்று வைத்துவிடு, நான்முகி வராது. ஒட்டிவிட்டது. இது சிம்பிள், ஹ்ருஷோவ்ஸ்கி கவனித்தது.

ஆனால் இன்னொருவரைச் சேர்த்து நான்கு பேராக ஒட்டிப் பார். மூன்று மூன்று பேராக எடுத்து நான்கு மூவருக்கும் "தட்டு உண்டு" என்று சொல்லிவை. ஒவ்வொன்றும் தனியாகச் சரி, இருவர் இருவராகப் பார்த்தாலும் ஒத்துப்போகிறது, நான்கையும் சேர்த்தால் நான்முகி. மூன்று முனை ஒட்டுகிறது, நான்கு முனை ஒட்டவில்லை. ரேண்டம் கிராஃபில் எத்தனை முனையும் ஒட்டும். ஸ்டேபிளில் மாடலின் மேல் எத்தனை முனையும் ஒட்டும். அதனால் ஸ்டேபிள் இல்லை என்றாலும் இந்த விஷயத்தில் ரேண்டம் கிராஃப் ஸ்டேபிளின் பக்கத்து வீடு, நான்முகி இல்லாதது தெருக்கோடி. நடுவில் இருக்கிற நிலத்தை அளக்க எனக்குத் தெரிந்ததில் மனசுக்கு மிகப் பிடித்த அளவுகோல் இதுதான், எத்தனை முனை வரைக்கும் ஒட்டுகிறது என்பது. கோலெஸ்னிகோவ் இதை வைத்தே சிம்பிளுக்குள் அடுக்கடுக்காக வகுப்புகள் பிரித்தார்.

இன்னொரு கோடு "லோ" என்பது. ஒரு ஃபார்முலாவை எடுத்து, ஒரே மாதிரியான அளபுருக்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறாய், எல்லாம் சேர்ந்தால் முரண்படுகிறது. எத்தனை சேர்ந்தாலே முரண்படும்? அந்த எண்ணிக்கைக்கு ஃபார்முலாவை மட்டும் பொறுத்த ஒரு மேல்வரம்பு இருந்தால் லோ. ஸ்டேபிள் எல்லாம் லோ. சிம்பிள் எல்லாம் லோ இல்லை: காசனோவாஸும் கிம்மும் 1998-இல் சூப்பர்சிம்பிளாக (ஒவ்வொரு டைப்பும் ஏதாவது ஒரு முடிவுள்ள கணத்தின் மேல் ஃபோர்க் ஆகாமல் நிற்கிற, சிம்பிளைவிடக் கடுமையான வகை) இருந்தும் லோ இல்லாத தியரி ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். கோடு எதற்கு என்றால், லோ தியரிகளில் லாஸ்கார் ஸ்ட்ராங் டைப் என்கிற நுணுக்கமான பொருள் சாதாரண ஸ்ட்ராங் டைப்பாகவே (முடிவுள்ள எண்ணிக்கையில் வகுப்புகள் உள்ள சமானத் தொடர்புகளில் எந்த வகுப்பு என்பதையும் சொல்கிற டைப்) ஆகிவிடுகிறது, பியூக்லர் நிறுவியது. ஒட்டவைக்கும்போது எதைப் பொறுத்து ஒட்டுகிறோம் என்ற தலைவலி பாதி போய்விடும்.


உசிலை மாணவி:

அக்கா, இரண்டும் ஒரே ஏணியில் வருமா? அதாவது நான்கு முனை ஒட்டாதது லோவும் இல்லாமல் போகுமா?


மேலமாசி:

போகாது. நான்முகி இல்லாத ஹைப்பர்கிராஃபின் எஸ்யூ ராங்க் 1. ராங்க் 1 என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக டிவைட் (சிம்பிளில் ஃபோர்க்கும் இதுவும் ஒன்றேதான்) ஆகிக்கொண்டே போகிற சங்கிலி ஒரு படிக்கு மேல் ஏறாது, சங்கிலிக்கு வரம்பு இருந்தாலே லோ வந்துவிடும். ஆகவே அது லோ, ஆனால் நான்கு முனை ஒட்டாது. சூப்பர்சிம்பிள் இன்னொரு திசையில் குறுக்கே வெட்டுகிறது: ரேண்டம் கிராஃப் சூப்பர்சிம்பிள், ஆனால் ஸ்டேபிள் இல்லை, சூப்பர்ஸ்டேபிள் (ஸ்டேபிளும் சூப்பர்சிம்பிளும் சேர்ந்தது) இல்லாத ஸ்டேபிள் தியரிகள் ஏராளம், அவை சூப்பர்சிம்பிள் ஆகாது, காசனோவாஸ்-கிம் உதாரணம் சூப்பர்சிம்பிள், ஆனால் லோ இல்லை. ஏணி என்று நினைத்தால் ஒவ்வொரு இடத்திலும் இடறும். குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற வரப்புகள் என்று வைத்துக்கொள்.


தல்லாகுளம் வாத்தியார்:

எத்தனை வரப்பு என்பதற்கு ஒரு தனிக்கதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெரோம் கெய்ஸ்லர் 1967-இல் தியரிகளை ஒப்பிட ஒரு வரிசை வைத்தார். மாடலை ஒரு அல்ட்ராஃபில்டரின் (எந்த உட்கணங்கள் பெரியவை என்று தீர்மானிக்கிற தொகுப்பு) மேல் அல்ட்ராபவர் எடுத்தால், அதாவது மாடலின் பல பிரதிகளை அதை வைத்து ஒன்றாக இணைத்தால், அது நன்கு நிறைவடைந்ததாக, டைப்புகளுக்கெல்லாம் ஆள் உள்ளதாக வருகிறதா, எந்தத் தியரிக்கு அது சுலபமாக நடக்கிறது, எதற்குக் கஷ்டம் என்று பார்க்கிற வரிசை. ஷெலா 1978-இல் வந்த தன் நூலில் ஸ்டேபிள் தியரிகள் எல்லாம் சேர்ந்து இதில் இரண்டே வகுப்புதான் என்று முடித்தார், மேலமாசி லோவுக்குச் சொன்ன மாதிரியான ஒரு வரம்பு எல்லா முடிவுள்ள தொகுப்புக்கும் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் மற்றது. வரம்பு இல்லாததற்கு உதாரணம் வேண்டுமென்றால், ஒவ்வொரு முடிவுள்ள அளவிலும் ஒரே ஒரு வகுப்பு உள்ள சமானத் தொடர்பை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த வகுப்பில் உள்ளவர், ஆனால் இவர் இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனால், பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஒன்பது பேரை விலக்கும் வரை ஆள் இருக்கும், பத்தாவதில் தீர்ந்துவிடும். ஆயிரம் பேர் உள்ளதில் ஆயிரமாவதில். பொதுவான வரம்பு கிடையாது, ஆனாலும் ஸ்டேபிள்.

ஸ்டேபிளுக்கு மேலே போனதும் ரேண்டம் கிராஃப்தான் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் மேல் பல ஆண்டுகளாகப் பிரிக்க முடியாமல் கிடந்தது. மல்லியாரிஸும் ஷெலாவும் 2013-இல் லோ இல்லாத சிம்பிள் தியரிகள் ரேண்டம் கிராஃபைவிடக் கண்டிப்பாகக் கடினம் என்று காட்டினார்கள், 2018-இல் முடிவில்லாத வகுப்புகள் என்று, அதற்குப் பயன்பட்டது மேலமாசி காட்டிய நான்முகி இல்லாத குடும்பத்தின் உறுப்பினர்கள்தான். 2021-இல் எண்ணிக்கை கன்டினுவம் வரை, அதாவது 2-இன் அலெஃப் சுழி அடுக்கு வரை போயிற்று, அதுவும் சிம்பிளுக்கு உள்ளேயே. நீங்கள் எத்தனை படி என்று கேட்டீர்கள்ம்மா, ஸ்டேபிள் முழுக்க இரண்டு, அதை ஒட்டிய நிலத்தில் எண்ணவே முடியாத அளவு. இந்த முடிவைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, இத்தனை நாள் சின்ன சந்து என்று நினைத்தது ஊரைவிடப் பெரிதாக இருந்தது.

திறந்து கிடக்கிற கேள்வியும் வேண்டுமென்றால் ஸ்டேபிள் ஃபோர்க்கிங் ஊகத்தைப் பாருங்கள். சிம்பிள் தியரியில் எங்கு ஃபோர்க் நடந்தாலும் அதற்குச் சாட்சி சொல்ல ஒரு ஸ்டேபிள் ஃபார்முலா, அதாவது முடிவில்லாத வரிசையை ஒளித்துவைக்காத ஃபார்முலா, இருக்குமா என்பது. ரேண்டம் கிராஃபில் "அவர்தான் இவர்" என்ற சமன்பாடே சாட்சி, அதைவிட ஸ்டேபிளான ஃபார்முலா எது! ஒன்-பேஸ்டு (சார்பு மிக எளிய வடிவில் மட்டும் வருகிற) ஆன சூப்பர்சிம்பிள் தியரிகளுக்கு விடை ஆம். பொதுவாக இன்னும் யாருக்கும் முடியவில்லை.


உசிலை மாணவி:

மூன்று நாளாக இதே வேலை. அக்கா சொன்ன மூவர் தட்டை வைத்துக்கொண்டு, நான்கு புள்ளிக்குப் பதில் ஐந்து புள்ளியின் பத்துத் தட்டும் சேர்ந்து வரக்கூடாது என்று விதியைத் தளர்த்தினேன். நான்கு முனை ஒட்டும், ஐந்து முனை ஒட்டாது, அடுத்த படி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். செக்கானூரணி தாண்டும்போதுதான் தப்பு தெரிந்தது. நான்கு பேரையும் ஒட்டும்போது மாடலில் இருக்கிற ஒருவரை மறந்துவிட்டேன். அவரோடு சேர்ந்த தட்டுகள் எல்லாம் முன்பே "உண்டு" என்று முடிவாகியிருக்கலாம், நான்கு பேரின் நான்கு தட்டும் "உண்டு" என்றால் அவரையும் சேர்த்து ஐந்து புள்ளி நிறைந்துவிடுகிறது. ஆகவே இதுவும் நான்கு முனையிலேயே நின்றுபோகிறது.

அடுத்த படிக்குத் தட்டையே பெரிதாக்க வேண்டும், நால்வர் சேர்ந்த தட்டு, ஐந்து புள்ளியின் ஐந்து தட்டும் சேரக்கூடாது. அப்போது நான்கு பேரை ஒட்டும்போது அந்த நால்வரின் தட்டை மட்டும் எவரும் பேசியிருக்க மாட்டார்கள், அதை இல்லை என்று வைத்துவிடலாம். ஐந்து பேரில்தான் முட்டும். சரியா அக்கா?


மேலமாசி:

சரி. மாடலில் இருக்கிற அந்த ஒருவரை நீயாகவே பிடித்தாய் பார், அதுதான் இதில் எல்லோரும் தவறவிடுகிற இடம். இதையே பொதுவாக எத்தனை பேருக்கும் எழுதிப் பார்த்துவிட்டு இங்கே போடு, வரிக்கு வரி படித்துப் பார்க்கிறேன்.